பணி நேரத்தில் உறக்கம்: அண்ணாவின் மெமோவுக்குத் தங்கையின் பதில்

மதிப்புக்குரிய, பாசத்துக்குரிய, நேற்றைய தபாலிலிருந்து கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மேசையும், மேசை மேல் வரிசையாக நிற்கும் நெயில் பாலிஷ் குப்பிகளும் நலம், எதுவும் கவிழவில்லை. அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? போன தடவை அண்ணி போனில் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. நான் மழை என்று நினைத்து எழுந்துபோய் இங்கே ஜன்னலை மூடிவிட்டு வந்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கம்பெனித் தாளில், 'பொருள்: பணி நேரத்தில் உறக்கம்' என்று தலைப்புப் போட்டு, அதற்கு அடிக்கோடும் இழுத்து, 'தங்கள் மேசையில் பலர் தூங்குவதாகத் தெரிய வருகிறது, உடன் விளக்கம் தேவை' என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே 'மேற்பார்வையாளர்' என்று கையெழுத்துப் போட்டு, யாருக்கு எழுதுகிறோம் என்பது அப்புறம் ஞாபகம் வந்து, அதை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று போட்டிருக்கிறீர்கள். உங்களையும் குற்றம் சொல்ல முடியாது. கட்டடம் கட்டடமாகக் காவலர்களை அனுப்பி, அவர்கள் கண்ணை மூடுகிறார்களா என்று பதுங்கிப் போய்ப் பார்த்துப் பிடிப்பதே வேலையாக இருக்கிற மனிதருக்கு, கூடப் பிறந்தவள் ஜனங்களைத் தூங்க வைத்துப் பிழைக்கிறாள் என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்? போலீஸ்காரர் வீட்டிலேயே திருடன் பிறந்த மாதிரிதான் இருக்கும்.

தாளின் பின்பக்கத்தில்தான் என் அண்ணன் இருந்தார். 'போதும் இந்த விளையாட்டு. மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஆபீஸில் வருகைப் பதிவு போடும் வேலைக்கு உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன். மாசச் சம்பளம். ஃபேனுக்கு அடியில் நாற்காலி. வெள்ளிக்கிழமை அண்ணி வருவாள், சாயங்கால பஸ்ஸில் அவளோடு புறப்பட்டு வந்துவிடு.' சரி அண்ணா, வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம். போனில் சொன்னால் 'சுருக்கமாச் சொல்லு, சுருக்கமாச் சொல்லு' என்பீர்கள். தாளுக்கு அந்த அவசரம் கிடையாது. நான் வருவதற்குள் இது உங்கள் கைக்கு வந்து, நீங்கள் படித்துக் கோபம் ஆறி, நான் வாசலில் வந்து நிற்கும்போது ஒன்றும் கேட்காமல் உள்ளே விட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரு விஷயம். நான் இந்த பார்லரில் வேலைக்கு இருப்பவள் இல்லை. முடி, புருவம், முகம் எல்லாம் பார்லர் அக்காவின் ராஜ்ஜியம். ஜன்னல் ஓரத்து மூலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளக், இவ்வளவும் நான் அவரிடம் வாடகைக்கு எடுத்தவை. அரம், கத்தரி, பாலிஷ், ஜெல் காயவைக்கிற சின்ன விளக்கு, வாடிக்கையாளர்கள், லாப நஷ்டம் எல்லாம் என் சொந்தம். இதை முதன்முதலில் சொன்ன அன்று நீங்கள் சாப்பிடுகிற கையை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்தி, "வேலை செஞ்சா அவங்க சம்பளம் குடுப்பாங்க. நீ அவங்களுக்குச் சம்பளம் குடுத்துட்டு வேலை செய்றியா?" என்று கேட்டீர்கள். அன்று முழுக்க அதையே வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அது புதிதாக இருந்தது.

பார்லர் அக்கா முதல் நாளே பேச்சைத் தெளிவாக வைத்துக்கொண்டார். "இங்க பாரு, நீயும் முதலாளி, நானும் முதலாளி. யாரும் யாரையும் வேலை சொல்லக்கூடாது" என்றார். காதுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு முதலாளிகள் இருக்கிற இடத்தில் கூட்டுவது யார் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நகத்தை அரத்தால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டும். மேசை மேல் விழுந்தால் அது என் தூள். தரையில் விழுந்தால் யாருடையது? அக்கா ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் தூள், அந்தப் பக்கம் அவர் வெட்டிய முடி. ஆனால் ஃபேனுக்கு எல்லை தெரியாது. சாக்பீஸும் தூளும் ஒரே நிறம் வேறு. கோடு தினமும் அகலமாகிக்கொண்டே வந்து, ஒரு வாரத்தில் எது எல்லை, எது குப்பை என்று தெரியாமல் போனதால், இருவரும் சேர்ந்தே கூட்டினோம்.

அண்ணா, சிரிக்காமல் கேளுங்கள். அப்பா வீட்டில் எனக்கென்று அலமாரியில் ஒரு தட்டு இருந்தது. இந்த ஊருக்கு வரும்வரை உங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன அறையைக் கொடுத்தீர்கள், நான் நன்றி மறந்தவள் இல்லை. ஆனால் இஸ்திரிப் பலகையும் பழைய சூட்கேஸ்களும் எனக்கு முன்பே அங்கே குடியேறியிருந்தன. இந்த மேசை வாடகை மேசைதான். இருந்தாலும் காலையில் வந்து அதன் மேல் வெள்ளைத் துண்டை விரித்து இரண்டு கையாலும் சுருக்கம் போகத் தடவும்போது, இந்த உலகத்தில் இவ்வளவு இடம் என்னுடையது என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது எனக்கு அழுகை வரும், சிரிப்பும் வரும். அக்கா எதிரில் இருப்பதால் தும்மல் வந்த மாதிரி நடித்துவிடுவேன்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். பார்லருக்குக் கீழே ஒரு சலவைக் கடை. பெரிய பெரிய இயந்திரங்கள் நாள் முழுக்கத் துணியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு என் மூலையில் தரை வழியாக மேலே ஏறும். அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியாக இடுப்புக்கு வரும், தொட்டிலை யாரோ காலால் ஆட்டுகிற மாதிரி. சோப்பு மணக்கும் ஆவி ஜன்னலில் படிந்து, வெளியே போகிற பஸ், குடை, ஆட்கள் எல்லோரும் உருவம் கரைந்து நிறமாக மட்டும் நகர்வார்கள். மத்தியான வெயில் குப்பிகளுக்குள் புகுந்து வெளியே வந்து துண்டின் மேல் சிவப்பாகவும் ஊதாவாகவும் விழுந்து கிடக்கும். விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும் நேரம் அது. அந்தக் குப்பிகளில் வெறும் நம்பர்தான் போட்டிருக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்: மழைக்கு முந்தின சாம்பல், சொல்லாமல் வந்த விருந்தாளி (அது ஒரு மாதிரி ரோஸ்), மன்னிப்புக் கேட்காத சிவப்பு. 'பராக்குப் பார்க்காதே' என்று நீங்கள் தலையில் குட்டிக் குட்டி வளர்த்த தங்கைக்கு, பராக்குப் பார்ப்பதற்கென்றே ஓர் இடம் வாடகைக்குக் கிடைத்தால் வேறு என்ன நடக்கும்?

அந்த மூலையில் முதலில் தூங்கியவர் ஒரு டீச்சர். இடது கையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தார். வலது கையை நான் பிடித்து நக ஓரத்துத் தோலை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர், நடுவிரலுக்கு வந்தபோது பேச்சை நிறுத்தினார். மோதிர விரலில் தலை சாய்ந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே, "உக்காருங்க... எல்லாரும் உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். டீச்சரே சொல்லிவிட்டாரே என்று இன்னும் கொஞ்சம் ஒழுங்காக உட்கார்ந்தேன். எழுப்ப மனசு வரவில்லை. சுண்டு விரலை முடித்த பிறகும், கையை விட்டால் விழித்துவிடுவாரோ என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். இன்னொருவர் கையை ஒரு வேலையும் செய்யாமல் சும்மா பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு அமைதியான காரியம் தெரியுமா, அண்ணா? அவர் விழித்தபோது கன்னத்தில் துண்டின் வரி பதிந்திருந்தது, ஒரு கை நகம்தான் முடிந்திருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். "இன்னொரு கைக்கு நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வந்து அந்தக் கையை முடிக்க விடாமல் தூங்கினார். அதற்கடுத்து அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒவ்வொரு டீச்சராக வர ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒரு மேடம் வந்தார். கடன் கேட்டு வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்வது அவருடைய வேலை. வெளிர் ரோஸ் மட்டும் போதும், வேறு எந்தக் கோலமும் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அன்று வெயில், ஆவி, இயந்திரச் சத்தம் எல்லாம் சேர்ந்து எனக்கும் சொக்கிக்கொண்டு வந்தது. கண் திறந்துதான் இருந்தது, நான்தான் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அவர் நகத்தில் நீல வானம், அதில் மேகம், கட்டை விரலில் ஒரு சின்னப் படகு. அவர் விழித்து, "என்னது இது? நாளைக்கு இந்தக் கையாலதான் நான் பேப்பரைத் திருப்பிக் குடுக்கணும்!" என்று கத்தினார். "அழிச்சிடட்டுமா மேடம்?" என்றேன். அவர் கையை முன்னே நீட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "சுண்டு விரல்ல ஏன் மேகம் இல்ல?" என்று கேட்டார். "அங்க மழை பேஞ்சு முடிஞ்சிருச்சு மேடம்." "ம்," என்றார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வந்தபோது அவரே சொன்னார்: "முன்னெல்லாம் இல்லைன்னு சொன்னா சத்தம் போடுவாங்க. இப்ப என் விரலைப் பாத்துட்டு, சரிங்க மேடம்னு போயிடறாங்க." அவருக்கு இப்போது மாசா மாசம் வானம்தான்.

கூட்டம் வந்தால் ஆசையும் கூடவே வருமே. வாசலில் ஒரு போர்டு வைக்கலாம் என்று போர்டு எழுதுகிறவருக்கு போன் செய்து 'நக அலங்காரம்' என்று எழுதச் சொன்னேன். அவர் 'நகை அலங்காரம்' என்று எழுதிக் கொண்டுவந்து மாட்டியே விட்டார். கேட்டதற்கு, "நகம் இருக்கணும்னா கை இருக்கணும்லம்மா? நீங்க கையை விட்டுட்டீங்க, நானே போட்டுட்டேன்" என்று 'நகை'யில் இருக்கிற 'கை'யைத் தொட்டுக் காட்டினார். எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. வீட்டுக்குப் போகும்போதுதான் சரி இல்லை என்று தோன்றியது. அதற்குள் அறுந்த சங்கிலி, திருகு தொலைந்த தோடு, ஒற்றைக் கொலுசு என்று ஜனங்கள் படியேற ஆரம்பித்துவிட்டார்கள். வேலியில் போன ஓணானை நானே பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை இங்கேதான் தொடங்குகிறது. அந்த போர்டைப் பார்த்து வந்தவர்களில் ஒருவர் உங்கள் காவலர்.

கதவை அடைக்கிற உயரம். கைக்குட்டையில் அம்மாவின் சங்கிலி, கொக்கி உடைந்திருந்தது. "இது நகை இல்லீங்க, நகம்" என்றேன். "நகம்னா?" என்றார். என் விரல்களைத் தூக்கிக் காட்டினேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்போதுதான் யாரோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி. கண் இரண்டும் சிவந்திருந்தன. "கொஞ்சம் உக்காந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். ராத்திரி வேலை, பகலில் வீட்டில் பிள்ளைகள் சத்தம், பக்கத்து வீட்டில் ஏதோ இடித்துக் கட்டுகிறார்கள், படுத்தால் தூக்கம் வருவதில்லை என்றார். சும்மா கிடக்கிற கையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். மனிதர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். தூக்கத்தில் ஒரு தடவை "யாரது?" என்று அதட்டினார். கொஞ்சம் கழித்து, "சரி, பரவால்ல, போங்க" என்று மரியாதையாக வழியனுப்பினார். கனவில் உங்கள் கம்பெனிக்கு என்ன நஷ்டமோ, நான் விசாரிக்கவில்லை. சட்டையில் உங்கள் கம்பெனி முத்திரையைப் பார்த்து, எங்கண்ணனும் அங்கேதான் என்று நானே வாயைக் கொடுத்துத் தொலைத்தேன்.

அதன் பிறகு அவர் அடிக்கடி பகலில் வந்து தூங்கினார், ராத்திரி முழுக்க விழித்திருந்தார். நியாயமாக அவருக்கு நீங்கள் ஒரு பரிசு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் தூங்காத காவலரைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எந்தப் பக்கமாகப் பதுங்கி வந்தாலும் தூரத்திலேயே சல்யூட் அடிக்கிறானே, இவன் என்ன சாப்பிடுகிறான் என்று நெருங்கிப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். கேட் விளக்கு வெளிச்சத்தில் நெற்றியில் இருந்த கையில் நகம் எல்லாம் பளபளவென்று மின்னியதாம். "என்னய்யா இது கையில?" என்று கேட்டதற்கு அவர், "உங்க தங்கச்சிதான் சார். அவங்க கையைப் பிடிச்சா போதும் சார், தூக்கம் அப்படி வரும்" என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தை அவர் வேறு மாதிரி அமைத்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் அவரை 'என்ன ஏது' என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடாலியைத் தூக்கிவிட்டீர்கள். மெமோ வந்து சேர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் நான் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். நிற்கவில்லை. தூக்கம் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிவிட்டது. முதலில் முடிவெட்ட வந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். பிறகு அக்காவிடம் தலை துவட்டுகிற பெண் துண்டோடு சுவரில் சாய்ந்தாள். போன திங்கட்கிழமை பார்லர் அக்காவே மாட்டிக்கொண்டார். அடையாள அட்டைக்கு போட்டோ எடுக்கப் போகிற ஓர் அம்மா புருவம் திருத்த வந்திருந்தார். அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே கண் அயர்ந்துவிட்டார். பழகின கை பாருங்கள், அது தூங்கவில்லை. தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. அந்த அம்மாவும் தூக்கம், அக்காவும் தூக்கம், நான் ஜன்னலில் ஒரு மஞ்சள் குடை கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்துக் கண்ணாடியைப் பார்த்த அந்த அம்மா, ரொம்பச் சாந்தமாக, "இந்தப் பக்கத்துப் புருவம் எங்க?" என்று கேட்டார். அக்கா பதற்றத்தில் தரையில் தேடினார். கடைசியில் நான்தான் பென்சிலை எடுத்து வரைந்து கொடுத்தேன். கொஞ்சம் மேலே தூக்கி அமைந்துவிட்டது. அந்த அட்டை செல்லுபடியாகிற வரைக்கும் அவர் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பார்.

அவர் போனதும் அக்கா என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். "நீ முதலாளி. உன்னை வேலையை விட்டு நிறுத்த எனக்கு உரிமை கிடையாது. ஆனா என் மேசையை எனக்குத் திருப்பிக் குடு. நான் மேசைக்குத்தான் வாடகை வாங்கினேன், தூக்கத்துக்கு இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு" என்றார். மறுநாள்தான் உங்கள் மெமோ. அங்கேயும் வெள்ளிக்கிழமை, இங்கேயும் வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆகவே, நீங்கள் கேட்ட விளக்கம்: ஆமாம், தூங்கினார்கள். களைத்திருந்தார்கள், அதனால் தூங்கினார்கள். என் மேசையில் தூங்கிய யாரும் பணி நேரத்தில் தூங்கவில்லை. பணி நேரம் என்னுடையது, அவர்களுடையது இல்லை. அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான், மேகம் போட்ட அன்று தவிர நான் விழித்துத்தான் இருந்தேன்.

வருத்தமாக இருக்கிறது அண்ணா, மறைக்க விரும்பவில்லை. உங்கள் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வருகிறவர்கள் பெயருக்கு நேரே டிக் போடுவேன். கையெழுத்துப் போடும்போது அவர்கள் நகத்தைப் பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் எனக்கு நல்லதுதான் நினைக்கிறீர்கள். இத்தனை வயதுக்கு மேல் தங்கை ஒரு மூலையில் யார் யார் கையையோ பிடித்துக்கொண்டு தனியாக நிற்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள், தெரியும். நான் தனியாக இல்லை என்பதைத்தான் உங்களுக்கு விளங்க வைக்க முடியவில்லை. அது போகட்டும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போடுங்கள். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, முழங்கால் வலி விலகி, பிடிக்க வேண்டியவர்களைப் பிடித்து, விட வேண்டியவர்களை விட்டு, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் ஆசியையும் எதிர்பார்த்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் தவறாமல் வந்து இறங்கப் போகிற,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து கைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. அண்ணி மத்தியானமே வந்துவிட்டார். படியேறி வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பார்லர் அக்கா என்னைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி கையில் பையோடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "புருவத்தை எடுத்தது யாரு?" என்றார். "நான்தான், ஆனா..." "தூங்கினது யாரு?" "நான்தாங்க, இவ மூலையில இருந்துதான் அந்தத் தூக்கம்..." "தூங்கினது நீங்க. காலி பண்றது இவளா? நல்லா இருக்குங்க உங்க நியாயம். எங்க நாத்தனாரைத் திட்டணும்னா திட்ட வீட்டுல நாங்க இருக்கோம், நீங்க சிரமப்படாதீங்க." அக்கா கொஞ்ச நேரம் முடிக் குப்பையைச் சும்மா அங்கிருந்து இங்கே தள்ளிவிட்டு, "நடுவுல ஒரு திரை போட்டுட்டா அவளே இருந்துக்கட்டும், எனக்கென்ன" என்றார். அண்ணி என் பக்கம் திரும்பி, "அது வேற விஷயம். நீ கிளம்பு" என்றார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "அதுவரைக்கும் சும்மாதானே இருக்கே? நீ என்னதான் பண்றேன்னு பாக்கறேன்" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அண்ணி கையை நான் பிடித்துப் பார்த்ததே இல்லை, அண்ணா. கட்டை விரல் நகம் நடுவில் பிளந்திருக்கிறது, எப்போது பிளந்ததோ. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்: "உங்க அண்ணன் ராத்திரி எழுந்து வந்து என் மூஞ்சில டார்ச் அடிச்சுப் பாக்கறாரு. நான் தூங்கறேனான்னு. தூங்கினா அந்த வெளிச்சத்துல எழுந்துக்கறேன்." "சொல்ல வேண்டியதுதானே அண்ணி?" "சொன்னேன். நான் எங்க அடிச்சேன்னு கேக்கறாரு. அவரு அதைத் தூக்கத்துல பண்றாருடி. அவருக்கே தெரியாது." இவ்வளவையும் சொல்லிவிட்டு அண்ணி தூங்கிப்போனார். பணி நேரத்தில் உறக்கம் என்று என்னிடம் கேட்டீர்களே. உறக்க நேரத்தில் பணி பார்க்கிறவரிடம் யார் விளக்கம் கேட்பது?

பார்லர் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். போய் முடி காயவைக்கும் மெஷினை நிறுத்தினார், ஒரு போர்வையைக் கொண்டுவந்து அண்ணியின் தோளில் போட்டார். ஜன்னலில் சாயங்கால பஸ் ஒரு பச்சை நிறமாக வந்து, நின்று, போய்விட்டது. அண்ணியின் வலது கை முடிந்துவிட்டது. இடது கை என் இடது கைக்குள் இருக்கிறது. கடிதத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால்தான் இந்தப் பக்கம் மட்டும் எழுத்து இவ்வளவு கோணல்.

நான் வரவில்லை, அண்ணா. அண்ணி வருவாரா என்பதை அவர் எழுந்ததும் நீங்களே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுப்புவதாக இல்லை.